ஆண்ட்ரூ பெல்

ஆண்ட்ரூ பெல் (மார்ச் 27, 1753 – சனவரி 27, 1832) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கல்வியாளரும் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவும் ஆவார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இயங்கிய ஆண் அனாதைகள் காப்பகத்தில் இவர் வகுத்த கற்பித்தல் ஒழுங்கு மதராஸ் முறை என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிப்பதும், பாடத்தைச் சிறு படிகளாக வரிசைப்படுத்துவதும், ஒவ்வொரு மாணவரும் நாள்தோறும் கடந்த படிகளைப் பதிவேட்டில் எண்ணிக்கையாகக் குறிப்பதும் இம்முறையின் மூன்று தூண்கள். இன்று கணினிவழிக் கற்பித்தலில் ஆராயப்படும் பாடவரிசை, மாணவர் முன்னேற்ற அளவீடு ஆகிய சிக்கல்களைத் தாளும் மையும் மட்டுமே இருந்த காலத்தில் கையாண்டவர் என்ற வகையில் இவருடைய வாழ்க்கை கவனத்துக்குரியது. இம்முறையின் மூலக்கூறுகள் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலிருந்து பெறப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

இளமைக் காலம்

பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் பெல் முடி திருத்தும் தொழிலும் பொய்முடி செய்யும் தொழிலும் செய்தவர். கடிகாரம் பழுது பார்ப்பதிலும் சதுரங்கத்திலும் வல்லவர். சிறுவன் பெல் பள்ளிக்கூடத்தை அச்சத்துடனேயே நினைத்தார். இலக்கண விதிகளை மனப்பாடம் செய்ய முடியாமல் அடி வாங்கியவர்களுள் அவரும் ஒருவர். பின்னாளில் இவர் பிரம்பை ஒதுக்கி வைத்ததற்கு இந்த அனுபவமும் காரணமாக இருந்திருக்கலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்கை மெய்யியலும் (இன்று நாம் இயற்பியல் என்பது) பயின்றார்.

1774ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்று தோட்ட உரிமையாளர் குடும்பத்தில் வீட்டு ஆசிரியராகப் பணியாற்றினார். புகையிலை வணிகத்திலும் ஈடுபட்டுப் பொருள் சேர்த்தார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1781ஆம் ஆண்டு தாயகம் திரும்பும் வழியில் இவர் சென்ற கப்பல் நோவா ஸ்கோசியா கரையருகே உடைந்தது. உயிர் தப்பி ஊர் வந்து சேர்ந்தவர், சில ஆண்டுகளில் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்று லீத் நகரில் பணிபுரிந்தார்.

சென்னை வருகை

1787ஆம் ஆண்டு பெல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கல்கத்தா செல்வதே இவரது நோக்கம். வழியில் சென்னையில் இறங்கியவர் இங்கேயே தங்கிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவுகள் பலவற்றுக்கு ஒரே காலத்தில் குருவாக நியமனம் பெற்றார். இப்பதவிகளில் வேலை குறைவு, ஊதியம் மிகுதி. சென்னையில் இயற்கை மெய்யியல் பற்றிக் கட்டணச் சொற்பொழிவுகளும் நிகழ்த்தினார். செயற்கையாகப் பனிக்கட்டி உண்டாக்கிக் காட்டி நகரத்தாரை வியப்பில் ஆழ்த்தினார் என்பர். அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னர்தான்.

1789ஆம் ஆண்டு எழும்பூர் ரிடவுட் எனப்பட்ட சிறு கோட்டையில் கம்பெனி படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான காப்பகம் தொடங்கப்பட்டது. இன்றைய எழும்பூர் தொடர்வண்டி நிலையப் பகுதியே அந்த இடம். காப்பகத்தின் கண்காணிப்பாளர் பொறுப்பைப் பெல் ஏற்றார். இதற்கென ஊதியம் பெற மறுத்துவிட்டார்.

காப்பகத்துச் சிறுவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள். பலருக்குத் தந்தை இறந்திருந்தார். சிலரின் தந்தை கைவிட்டுச் சென்றிருந்தார். கம்பெனியின் உயர் பணிகளில் இத்தகையோரைச் சேர்க்கக்கூடாது என 1791ஆம் ஆண்டும், படையில் இசைக்கருவி வாசித்தல் போன்ற சில வேலைகள் தவிர வேறெதற்கும் சேர்க்கக்கூடாது என 1795ஆம் ஆண்டும் ஆணைகள் பிறந்தன. ஆகவே கணக்கு எழுதவும் நில அளவைக்கு உதவவும் கப்பலில் பணியாற்றவும் தகுதி பெறாவிட்டால் இச்சிறுவர்களுக்குப் பிழைப்பே இல்லை என்ற நிலை. அங்கு கற்பிக்கப்பட்ட எழுத்தும் கணக்கும் அவர்களுக்கு வாழ்வாதாரக் கேள்வியாக இருந்தன.

மணலும் விரலும்

காப்பகத்தில் இருந்த ஆசிரியர்கள் குறைந்த ஊதியத்தினர்; கற்பிப்பதில் நாட்டமற்றவர்கள். கடைசி வகுப்புச் சிறுவர்கள் மாதக்கணக்கில் நெடுங்கணக்கையே கற்க முடியாமல் இருந்தனர். இந்நிலையில் 1791ஆம் ஆண்டளவில் ஒரு நாள் காலை குதிரையில் உலாவச் சென்ற பெல், வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை வரைந்து கற்றுக்கொண்டிருந்தனர். ஆங்கில நூல்கள் இதை மலபார்ப் பள்ளி என்று குறிப்பிடுகின்றன. அக்காலக் கம்பெனியார் தமிழரையும் தமிழ் மொழியையும் மலபார் என்றே அழைத்தனர். ஆகவே இது கேரளத்துப் பள்ளி எனச் சிலர் கொள்வது பொருந்தாது. சென்னைச் சுற்றுவட்டாரத்துத் தமிழ்த் திண்ணைப் பள்ளிதான்.

காப்பகம் திரும்பிய பெல், கடைசி வகுப்புக்கு மணலில் எழுதக் கற்பிக்கும்படி ஆசிரியருக்கு ஆணையிட்டார். அந்த ஆசிரியருக்கு விருப்பமில்லை; அது முடியாத காரியம் என்று விட்டுவிட்டார். பெல் வேறு வழி தேடினார். படைவீரர் ஒருவரின் மகனான ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியரால் இயலாததைச் சிறுவன் செய்து முடித்தான். பின்னர் ஒவ்வொரு வகுப்பாகப் பெரிய ஆசிரியர்களுக்குப் பதில் மாணவர்களே அமர்த்தப்பட்டனர். ஃபிரிஸ்கனின் பொறுப்பில் பல வகுப்புகள் வந்து சேர்ந்தன.

மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பதும் தமிழகத்துக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் சட்டாம்பிள்ளை இருந்தான். அவனே பிள்ளைகளுக்கு முறை வைத்துச் சொல்லிக் கொடுப்பான். பாடம் ஒப்பிக்கவும் கேட்பான். பெல் தம் நூலில் மணலில் எழுதும் வழக்கத்தை உள்ளூர்ப் பள்ளியிலிருந்து பெற்றதாக ஒப்புக்கொண்டார். ஆனால் மாணவ ஆசிரியர் என்ற ஏற்பாட்டைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே கருதினார். பெல்லாரி ஆட்சியராக இருந்த ஏ. டி. காம்பெல் 1823ஆம் ஆண்டு அறிக்கையில், உள்ளூர்ப் பள்ளிகளில் முதிர்ந்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் வழக்கத்தைப் பாராட்டி, அதை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்ற கருத்தை எழுதியுள்ளார். காந்தியவாதி தரம்பால் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட ஆவணத் தொகுப்பு இதைப் பரவலாக அறியச் செய்தது. பெல் கண்ட பள்ளியின் ஆசிரியர் யார், அது எந்தத் தெருவில் இருந்தது என்ற குறிப்பு எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. பெல்லின் வாழ்க்கை வரலாறோ மூன்று தொகுதிகளாக விரிகிறது.

முறையின் அமைப்பு

பள்ளி வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வகுப்புக்குள் மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்க்கப்பட்டனர். இணையில் தேர்ந்தவன் ஆசான், மற்றவன் மாணாக்கன். அவர்களுக்கு மேல் துணை ஆசிரியன், அவனுக்கு மேல் வகுப்பாசிரியன் என அனைவரும் சிறுவர்களே. உச்சியில் தலைமை ஆசிரியரும் கண்காணிப்பாளரும் மட்டுமே பெரியவர்கள்.

பாடங்கள் மிகச் சிறியவையாக வெட்டப்பட்டன. முதலில் எழுத்து, பின்னர் அசை, அதன்பின் ஓரசைச் சொல், அப்புறம் பல அசைகள் கொண்ட சொல் என்பது வரிசை. ஓர் எழுத்தைக் கண்ணால் கண்டு, வாயால் சொல்லி, விரலால் வரைவது ஒரே பாடத்தில் நிகழும். ஒரு படியைப் பிழையின்றி முடிக்காமல் அடுத்த படிக்குச் செல்லக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1968ஆம் ஆண்டு முன்வைத்த முழுத்தேர்ச்சிக் கற்றல் என்னும் கொள்கையின் சாயலை இதில் காணலாம்.

வகுப்பில் இருக்கை நிலையானது அன்று. ஒருவன் பிழை செய்ய, அடுத்தவன் திருத்தினால், திருத்தியவன் அவனுக்கு மேலே சென்று அமர்வான். வகுப்பின் தலையில் தொடர்ந்து நிற்பவன் மேல் வகுப்புக்குப் போவான். அங்கு ஈடுகொடுக்க முடியாவிட்டால் பழைய வகுப்புக்குத் திரும்புவான். ஆண்டு முடிவில் அனைவரையும் ஒருசேர மேலேற்றும் வழக்கம் இதில் இல்லை. ஒவ்வொருவனும் தனக்குரிய வேகத்தில் வரிசையில் முன்னும் பின்னும் நகர்ந்தான்.

தண்டனையிலும் பெல் புதுமை செய்தார். குற்றங்கள் ஒரு கரும்புத்தகத்தில் எழுதப்பட்டு, வாரம் ஒருமுறை சிறுவர்களே நடுவர்களாக அமர்ந்து விசாரித்தனர். அடி பெரிதும் குறைந்தது.

இம்முறையில் உருவான மாணவர்களுள் வில்லியம் சுமித் குறிப்பிடத்தக்கவன். பிணையாக வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் இரு புதல்வர்கள் 1794ஆம் ஆண்டு திருப்பி அனுப்பப்பட்டபோது, அக்குழுவுடன் சென்ற இப்பதின்வயது மாணவன் திப்புவின் முன்னிலையில் அறிவியல் கருவிகளை இயக்கிச் சோதனைகள் செய்து காட்டினான்.

பதிவேடும் அளவீடும்

பெல்லின் பணிகளில் வரலாற்று நூல்கள் மிகக் குறைவாகப் பேசுவது அவருடைய பதிவேடுகளைப் பற்றித்தான். ஒவ்வொரு வகுப்பும் நாள்தோறும் எத்தனை பாடம் படித்தது, எத்தனை பக்கம் கடந்தது, எத்தனை மணி நேரம் செலவிட்டது என்பவை எழுதப்பட்டன. நாள் கணக்கு வாரக் கணக்காகவும், வாரக் கணக்கு மாதக் கணக்காகவும் கூட்டப்பட்டது. இன்றைய எண்ணை நேற்றைய எண்ணுடனும், ஒரு மாணவனின் எண்ணை மற்றவனின் எண்ணுடனும் ஒப்பிட்டு முன்னேற்றத்தை அறிய வேண்டும் என்பது இவரது கருத்து. இயற்பியல் படித்தவர் பள்ளிக்கூடத்தையும் ஓர் ஆய்வுக்கூடமாகவே பார்த்தார். தம் முதல் நூலின் தலைப்பிலேயே பரிசோதனை என்ற சொல்லை அவர் வைத்தது தற்செயல் அன்று.

இப்பதிவேட்டில் ஒரு குறை உண்டு. எத்தனை பாடம் என்பதை அது அளந்தது; எந்த வரிசையில் என்பதை அளக்கவில்லை. இரு மாணவர்கள் ஒரே நாளில் பத்துப் பாடம் முடித்திருந்தால் பதிவேட்டில் இருவரும் சமம். ஒருவன் நேராகச் சென்றிருக்கலாம். மற்றவன் நான்காம் பாடத்தை மும்முறை திரும்பப் படித்துப் பின் தாவியிருக்கலாம். இந்த வேறுபாட்டை எண்ணால் சொல்வதற்கு வேண்டிய கணிதம் 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது.

இரண்டு அளவைகள் இங்குப் பயன்படும். சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965ஆம் ஆண்டு தந்தது ஒன்று. ஒரு வரிசையை மற்றொன்றாக மாற்றக் குறைந்தது எத்தனை உறுப்புகளைச் சேர்க்க, நீக்க அல்லது மாற்றியமைக்க வேண்டும் என்பதை இது எண்ணுகிறது. மற்றொன்று ஆங்கிலேயப் புள்ளியியலாளர் மாரிசு கெண்டல் 1938ஆம் ஆண்டு வெளியிட்ட தரவரிசை அளவையிலிருந்து பிறப்பது. எத்தனை இணைகள் முன்பின் மாறியுள்ளன என்பதை அது எண்ணும்.

எளிய எடுத்துக்காட்டாக, வடிவ எளிமை கருதி ட, ப, ம, ய என்ற வரிசையில் எழுத்துகளைக் கற்பிப்பதாகக் கொள்வோம். வேறோர் ஆசிரியர் ட, ம, ப, ய என்று கற்பிக்கிறார். மூன்றாமவர் ய, ப, ம, ட என்று கற்பிக்கிறார். லெவன்ஷ்டைன் அளவையில் இவ்விரண்டு வரிசைகளும் முதல் வரிசையிலிருந்து 2 என்ற ஒரே தொலைவில் உள்ளன. கெண்டல் வழியில் பார்த்தால், இரண்டாம் வரிசையில் ப-ம என்ற ஓர் இணை மட்டுமே முன்பின் மாறியுள்ளது, தொலைவு 1. மூன்றாம் வரிசையிலோ ப-ம தவிர்ந்த ஐந்து இணைகளும் மாறிவிட்டன, தொலைவு 5. எது சரி என்பது கேள்வியைப் பொறுத்தது. முதற்பாடம் கடைசிப் பாடத்துக்கு அடிப்படையாக இருந்தால் கெண்டல் அளவை உண்மையை நெருங்கிச் சொல்லும். ஒரே பாடம் மீண்டும் மீண்டும் வருமானால், உறுப்புகள் திரும்ப வராத வரிசைகளுக்கென அமைந்த கெண்டல் அளவை அப்படியே பொருந்தாது. லெவன்ஷ்டைன் அளவையே உதவும். பெல்லின் பள்ளியில் திரும்பப் படிப்பது அன்றாட நிகழ்வு என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

கணினிவழிக் கற்பித்தலில் இக்கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1950களில் வடிவமைத்த கற்பிக்கும் எந்திரம் எல்லா மாணவருக்கும் ஒரே நேர்வரிசையைத் தந்தது. நார்மன் கிரவுடர் வகுத்த பாடங்கள் மாணவரின் விடைக்கேற்பக் கிளை பிரிந்தன. 1960ஆம் ஆண்டு இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளேட்டோ அமைப்பு கணினியைக் கொண்டே பாடம் நடத்தியது. கிளை பிரியும் அமைப்பில் ஒவ்வொரு மாணவரும் வெவ்வேறு வரிசையில் செல்வதால், அவ்வரிசைகளின் இடைவெளியை அளக்காமல் எது நன்று எனக் கூற இயலாது. பெல்லின் இருக்கை மாற்றத்திலும் இதே நிலைதான் இருந்தது.

தமிழகத்தில் இதற்கு மிக அண்மைய ஒப்புமை செயல்வழிக் கற்றல் முறையாகும். 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் இது விரிவாக்கப்பட்டது. ஏணிப்படி அட்டையில் மைல்கற்கள் வரிசையாக அமைக்கப்பட்டு, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறியது. ஆசிரியர் துணையோடு கற்கும் குழு, சக மாணவர் துணையோடு கற்கும் குழு எனக் குழந்தைகள் பிரிந்து அமர்ந்தனர். இதன் நேரடி வேர் ஆந்திரத்தின் ரிஷிவேலி என்றாலும், எழும்பூரில் இரு நூற்றாண்டுகளுக்கு முன் நடந்ததை அறிந்தவருக்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது.

இங்கிலாந்தில்

உடல்நலக் குறைவு காரணமாக 1796ஆம் ஆண்டு பெல் சென்னையை விட்டு நீங்கினார். அப்போது அவரிடம் ஏறத்தாழ 26,000 பவுன் சேர்ந்திருந்தது. கம்பெனி ஆண்டுக்கு 200 பவுன் ஓய்வூதியமும் வழங்கியது. 1797ஆம் ஆண்டு காப்பகத்தின் அனுபவத்தைச் சிறு நூலாக லண்டனில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு லண்டன் ஆல்ட்கேட் பகுதியில் ஒரு பள்ளி இம்முறையை ஏற்றது. 1801ஆம் ஆண்டு சுவானேஜ் என்னும் கடலோர ஊரில் பங்குக்குருவானார். அங்கு அம்மை குத்தும் பணியில் நேரடியாக ஈடுபட்டார். 1800ஆம் ஆண்டு நடந்த இவரது திருமணம் சில ஆண்டுகளிலேயே பிரிவில் முடிந்தது.

ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் இளைஞர் 1798ஆம் ஆண்டு லண்டன் சதர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, மாணவ ஆசிரியர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குக் கற்பித்து வந்தார். முதலில் இருவரும் நட்புடன் இருந்தனர். 1804ஆம் ஆண்டு லங்காஸ்டர் சுவானேஜ் சென்று பெல்லைச் சந்தித்தார். பின்னர் முறையை முதலில் கண்டவர் யார் என்ற பூசல் மூண்டது. திருச்சபையினர் பெல்லின் பக்கமும், சபை சாராதோர் லங்காஸ்டர் பக்கமும் நின்றனர். கவிஞர்கள் சௌத்தி, கோல்ரிட்ஜ், வேர்ட்ஸ்வொர்த் ஆகியோர் பெல்லை ஆதரித்தனர். இருவருடைய பெயரையும் சொல்லிச் சண்டையிட்டவர்களுள் சட்டாம்பிள்ளையை நினைத்தவர் எவருமிலர்.

லங்காஸ்டர் எழுத்துகளை அகரவரிசையில் கற்பிக்காமல் நேர்க்கோட்டு எழுத்துகள், சாய்கோட்டு எழுத்துகள், வளைவு எழுத்துகள் என வடிவத்தின்படி தொகுத்தார். பூசல் வரிசையைப் பற்றி நடந்திருந்தால் கல்விக்குப் பயன் விளைந்திருக்கும். நடந்ததோ சமயப் பிரிவுகளைப் பற்றியே.

1811ஆம் ஆண்டு திருச்சபைக் கொள்கைவழி ஏழைகளுக்குக் கல்வியளிக்கும் தேசியக் கழகம் நிறுவப்பட்டு, பெல்லின் முறை அதன் அதிகாரப்பூர்வ முறையானது. ஆயிரக்கணக்கான பள்ளிகள் இதன்கீழ் எழுந்தன. பெல் ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைச் சோதித்தார். 1816ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோசியின் பள்ளியையும் பார்வையிட்டார். அங்குள்ள முறை அவரைக் கவரவில்லை.

விமர்சனங்கள்

ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தேவையில்லை, வாசிப்பும் சமயமும் போதும் என்ற பொருளில் பெல் பின்னாளில் எழுதினார். எழுதக் கற்பதையே முதற்படியாகக் கொண்ட திண்ணைப் பள்ளியிடம் கடன் வாங்கியவர் இவ்வாறு எழுதியது முரண். காப்பகச் சிறுவர்களின் இந்தியத் தாய்மார்களைப் பற்றி இவர் கொண்டிருந்த கருத்துகளும் இழிவானவை. நடுநிலையாளர் எவரும் இவற்றை ஏற்க இயலாது.

மாணவ ஆசிரியருக்கு ஊதியம் இல்லாததால் இம்முறை மலிவானது. அதன் பரவலுக்குக் காரணமும் அதுவே. வீழ்ச்சிக்குக் காரணமும் அதுவே. அரைகுறையாகக் கற்ற சிறுவன் அரைகுறையாகவே கற்பித்தான் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 1846ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஊதியம் பெறும் பயிற்சி ஆசிரியர் திட்டம் வந்த பிறகு மதராஸ் முறை படிப்படியாக மறைந்தது.

அதே காலத்தில் அம்முறையின் ஊற்றாகிய திண்ணைப் பள்ளிகளும் தேய்ந்துகொண்டிருந்தன. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஆணையிட்ட கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தமை தெரியவந்தது. பின்னர் அரசு உதவியும் வேலைவாய்ப்பும் ஆங்கிலமுறைப் பள்ளிகளைச் சார்ந்தபோது இவை ஆதரவிழந்தன.

இறுதிக் காலம்

1809ஆம் ஆண்டு முதல் டர்ஹாம் அருகிலுள்ள ஷெர்பர்ன் மருத்துவச்சாலை என்னும் அறநிலையத்தின் தலைவராகவும், 1819ஆம் ஆண்டு முதல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் மானியக் குருவாகவும் பெல் இருந்தார். சிக்கனத்துக்குப் பெயர் பெற்ற இவர் தம் செல்வமாகிய 1,20,000 பவுனைக் கல்விக்கென எழுதி வைத்தார். அதைக் கொண்டு ஸ்காட்லாந்தின் பல நகரங்களில் பள்ளிகள் அமைந்தன. அந்த அறக்கட்டளையின் நிதியால் 1876ஆம் ஆண்டு எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் கல்வியியல் பேராசிரியர் பதவிகள் ஏற்படுத்தப்பட்டன.

பெல் 1832 சனவரி 27 அன்று செல்ட்டன்ஹாம் நகரில் காலமானார். உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இவரது வரலாற்றை ராபர்ட் சௌத்தி எழுதத் தொடங்கி, அவர் மகன் முடித்து 1844ஆம் ஆண்டு வெளியிட்டார். பிறந்த ஊரில் இவர் கொடையால் 1833ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்ற பெயரிலேயே இயங்குகிறது. சென்னை என்று நகரத்தின் பெயர் 1996ஆம் ஆண்டு மாற்றப்பட்ட பின்னரும் அங்கு அந்தப் பெயர் மாறவில்லை. 2021ஆம் ஆண்டு அப்பள்ளி புதிய வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது.